வலது தோளில் முந்தானை

முரளி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேன், ஒட்டவில்லை. கடை மேனேஜர் நாளை சென்னைக்கு வரும்போது கொண்டு வந்து தருவார். வழியில் அவர் பிரித்துப் படித்தாலும் சரி, புதுக் கடைக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் படித்தாலும் சரி. நம் கடைக்குப் பன்னிரண்டு வருடமாகப் பெட்டியும் பையும் அச்சடித்துத் தந்த டேனியலைப் பற்றி நீ சொன்னது நாலு சுவருக்குள் சொன்னதல்ல. ஊர்ப் பட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய். அதற்கு நான் எழுதுகிற பதிலை மட்டும் எதற்காக ஒட்டி மூட வேண்டும்?

கிளைத் திறப்பு விழா அழைப்பிதழ் நேற்றுக் காலை வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயர். அந்தப் பெயரை அங்கே போடுவதற்கு நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் உன் அத்தை கூடத்தில் உட்கார்ந்து, புருஷன் இல்லாதவங்க கையால கடை தொறந்தா ஊரு என்னடா சொல்லும் என்று கேட்டபோது நான் சமையலறையில்தான் இருந்தேன். "எங்கம்மா கையாலதான் தொறப்பேன் அத்த. இஷ்டம் இருக்கறவங்க வரட்டும்" என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. உன் அப்பா போன இந்த ஒன்பது வருடத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் என்னை முன் வரிசைக்கு அழைத்ததில்லை. நானும் போய் நின்றதில்லை. அன்று மத்தியானமே உன் அப்பா கடைசியாக எனக்காக எடுத்து வைத்த அரக்கு நிறப் புடவையை வெளியே எடுத்து இஸ்திரி போட்டேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் எவ்வளவு சந்தோஷத்தோடு அந்த அட்டையைத் திறந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

திறந்தால், என் பெயருக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். அதே மணப்பெண். அதே சாய்ந்த தலை, அதே அகல் விளக்கு, அதே சிரிப்பு. நம் புடவைப் பெட்டியில் சிவப்புப் புடவையில் இருந்தவள் இப்போது பச்சைக்கு மாறியிருக்கிறாள். வலப் பக்கம் பார்த்தவள் இடப் பக்கம் பார்க்கிறாள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறாய். திருப்பியவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவள் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. மூன்று தலைமுறையாகப் புடவை விற்கிற வீட்டின் அழைப்பிதழில் ஒரு கல்யாணப் பெண் வலது தோளில் முந்தானை போட்டுக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் என் பெயர். இதை இந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் கொடுத்தாய்?

வேறு யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் அவர்களுக்கும் புரிவதற்காக நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் நம் கடைப் பெட்டியைப் புதிதாக்க வேண்டும் என்றாய். டேனியலின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவர் மனைவி எஸ்தர்தான் செய்கிறாள். அவளிடம் ஒரு சிடி இருக்கிறது. பெட்டி, விளம்பரம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக அமைத்து வைத்த மாதிரிகள் அதில் வரும். டெம்ப்ளேட் என்கிறார்கள். எழுத்தை மாற்றி, பெயரைப் போட்டு, அச்சுக்கு அனுப்பலாம். அதில் ஒரு மாதிரியில் இருந்தவள்தான் இந்த மணப்பெண். உனக்கு அவளைப் பிடித்துப்போய், பெட்டியில் போட்டாய், கடையின் இணையதளத்திலும் போட்டாய். பெட்டி வந்த அன்று நம் தறிக்காரர் கோதண்டம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டி நம்முதும்மா. பொடவதான் காசியிலேர்ந்து வந்துகிது" என்றார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவள் கட்டியிருந்தது பனாரஸ். காஞ்சிபுரம் பட்டு விற்கிற பெட்டியின் மேல் பனாரஸ் பட்டு. அப்போது சிரித்துவிட்டு விட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

பிறகு அந்தப் படத்தை எடுத்த மும்பைக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் படம் எங்களுடையது, யாரைக் கேட்டுப் போட்டீர்கள், உடனே நிறுத்துங்கள், எங்கிருந்து கிடைத்தது என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நீ அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "உன்ன மாதிரி இங்கிலீஷ் இந்த ஊர்ல யாருக்கும்மா வரும்" என்றாய். டேனியல் கேட்காமல் போட்டுவிட்டான், எனக்கு எதுவும் தெரியாது என்றாய். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னியாஸ்திரீகள் பத்து வருடம் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த ஆங்கிலம் அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு வந்தது என்று எனக்குப் பெருமை. எங்கள் அச்சகத்தார் எங்களுக்குத் தெரிவிக்காமல், எங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் படத்தைச் சேர்த்துவிட்டார், இனி அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று நாலு பத்தி எழுதினேன். ஒரு அரைப்புள்ளியை எங்கே வைப்பது என்று பத்து நிமிடம் யோசித்தேன். எழுதுவது உண்மையா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். விஷயம் கடைத்தெருவில் பரவி வியாபாரிகள் கேட்டபோது, கூட்டத்தில் எழுந்து அதையே தமிழில் சொன்னாய்.

நேற்று அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? டேனியல் மேல். ஒருமுறை பட்டும் இந்த மனிதருக்குப் புத்தி வரவில்லையே என்று ஆட்டோ வைத்துக்கொண்டு நேராக அவர் அச்சகத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அட்டையை மேஜை மேல் எறிந்தேன். வாங்கம்மா, உட்காருங்கம்மா என்று நாற்காலியைத் துடைத்த மனிதர் முன்னால் எறிந்தேன். அவர் அதை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக வைத்தார்.

"இது நான் அடிச்சது இல்லம்மா. மூணு மாசமா இந்த மிஷினு ஓடவே இல்ல."

அப்போதுதான் பார்த்தேன். அச்சு இயந்திரத்தின் மேல் பழைய போர்வை போர்த்தியிருந்தது. எப்போது போனாலும் நடக்க இடமில்லாமல் அட்டையும் பேப்பரும் அடுக்கிக் கிடக்கிற அந்த இடம் பெருக்கி விட்டது போல வெறுமையாக இருந்தது. நீ கூட்டத்தில் பேசிய பிறகு எந்தப் பட்டுக் கடையும் அவருக்கு ஒரு விசிட்டிங் கார்டு கூடக் கொடுக்கவில்லையாம். நீ சொன்னதை ஏன் ஒருவர் கூட டேனியலிடம் சரிபார்க்கவில்லை? டேனியல் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், நீ எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாய். எனக்குக் கோபம் வந்த இடங்களில் இதுதான் பெரிது. நானும் அதே தெருக்காரியாகத்தான் அட்டையை எறிந்தேன் என்பது அதற்கு அடுத்தது.

எஸ்தர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். டேனியல் வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினார். "நீங்க சும்மா இருங்க. அம்மா படிச்சவங்க. படிக்கட்டும்" என்று என் முன்னால் விரித்து வைத்தாள்.

அச்சு அடிப்பதற்கு முன்னால் புரூஃப் எடுத்துக் காட்டி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, அதைப் பத்திரமாக வைத்திருப்பது அவர்கள் வழக்கம். நம் பெட்டியின் புரூஃப் அது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில் டேனியலின் கையெழுத்து: படம் சிடியில் மாதிரிக்கு வந்தது, உரிமை வாங்கவில்லை, வேறு படம் தரவும். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து: பரவாயில்லை, இதையே அடிக்கவும். கீழே உன் கையொப்பம். ஒப்பத்தின் அடியில் நீ எப்போதும் வைக்கிற இரண்டு புள்ளி. அந்த எழுத்தை நாலு கோடு நோட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான். எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

இதை ஏன் கூட்டத்தில் காட்டவில்லை என்று டேனியலைக் கேட்டேன். காட்டினால் சாருக்கு அசிங்கமாகிவிடும், ஒரு முதலாளியை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தினவனுக்கு அப்புறம் இந்த ஊரில் யார் வேலை தருவார்கள் என்றார். பேசாமல் இருந்தால் ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாராம். பிறகு அவர் சொன்னதுதான் நேற்றிலிருந்து என் காதில் இருக்கிறது.

"அந்த லெட்டர நீங்கதான் எழுதினீங்கன்னு சார் சொன்னாரும்மா. அம்மா எழுதினா தப்பா எழுத மாட்டாங்க, நம்ம பேர்லதான் எங்கியோ தப்பு இருக்குதுன்னு நானே நெனச்சுக்கினேன்."

நான் எழுந்து நின்று அவர்கள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். என் பங்குக்கு மட்டும். உன் பங்கை நான் கேட்கவில்லை, அது என்னால் முடிகிற காரியமில்லை. பிறகு அந்த சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தை எஸ்தரிடம் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறது. மாதிரியில் உள்ள கட்டங்கள், கொடிகள், ஓரப் பூவேலை இவற்றை வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சில படங்களை அச்சில் போடலாம், ஆனால் கடையின் சின்னமாக ஆக்கக் கூடாது. புகைப்படங்கள் பார்வைக்கு மட்டும். வேண்டுமானால் படம் எடுத்தவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். சிடியை அவர்கள் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்று நீ கேட்கலாம். புத்தகத்தை விலைக்கு வாங்கினால் அதை நம் பெயரில் அச்சடித்து விற்கலாமா? காசு கொடுத்து வாங்கியது வெறும் சிடித் தட்டு. அதில் உள்ளதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நமக்கு உண்டு. நீயோ அந்தப் பெண்ணைச் சென்னைக் கடைக்கு முத்திரையாகப் பதிவு செய்ய வக்கீலிடம் போயிருக்கிறாய் என்று மேனேஜர் சொல்கிறார். அந்தப் பெண் யாரோ எவரோ, அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். காஞ்சிபுரத்தில் ஒரு கடை தன்னை முத்திரையாக வைத்திருக்கிறது என்று அவளிடம் யாராவது சொன்னார்களா?

நேற்றுச் சாயங்காலம் உன்னைப் போனில் கேட்டபோது நீ சிரித்தாய். "இந்த ஊர்ல யாரும்மா யாரோடத எடுக்கல? மாங்கா பார்டருக்கு யாரு சொந்தக்காரன்? அதான் திருப்பிப் போட்டாச்சே, இனிமே அது வேற படம்" என்றாய். அப்புறம் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதிலை இதில் எழுதுகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பார்டரில் மாங்காயும் அன்னமும் மாறி மாறி வருகிற ஒரு புடவையை உன் அப்பா புதிதாக வரையச் சொன்னார். வரைகிறவர் கட்டம் போட்ட தாளில் ஒரு மாதம் வரைந்தார். அதைப் பார்த்துத் துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் மாட்டினால்தான் அந்த உருவம் புடவையில் விழும். அந்த அட்டைக் கட்டு கோதண்டத்தின் தறியில் இருந்தது. பத்து நாளில் அதே பார்டர் இன்னொரு கடை வாசலில் தொங்கியது. அட்டைக் கட்டைக் கோதண்டம் ஒரு வாரத்துக்கு அந்தக் கடைக்காரரிடம் கொடுத்திருந்தார். உன் அப்பா அந்தக் கடைக்குப் போனபோது நீயும் கூடப் போனாய். திரும்பி வந்து என்னிடம் நடித்துக் காட்டியதே நீதான். மாங்காய்க்குப் பட்டா வாங்கியிருக்கிறீர்களா என்று அந்தக் கடைக்காரர் கேட்டாராம். "மாங்கா ஊருக்குப் பொதுங்க. அத வரஞ்ச தாளு பொது இல்ல" என்றாராம் உன் அப்பா. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, திருடனுங்கம்மா, அவனுங்க திருடனுங்க என்று சொன்னது யார்? நம் தாளை எடுத்தால் திருட்டு, மும்பைக்காரன் படத்தை எடுத்தால் ஊர் வழக்கமா? அந்தக் கடைக்காரராவது நம் பார்டரின் நிறத்தை மாற்றி வேறு புடவை என்று சாதிக்கவில்லை.

கோதண்டம் என்ன செய்தார் என்பதும் உனக்குத் தெரியும். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே வந்து வாசலில் நின்றார். அட்ட நான்தான் குடுத்தேங்க, தப்பு என்னுது என்றார். தறி ஓட்டுகிற பையன் மேலோ, வீட்டுக்கு வந்த உறவுக்காரன் மேலோ போட்டிருக்கலாம். போடவில்லை. உன் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, மறுவாரமே அடுத்த புடவை நெய்ய அவர் தறிக்குப் புதுப் பாவு நூல் கொடுத்தார். அதனால்தான் இன்றைக்கும் அவர் நமக்கு நெய்கிறார், நம் பெட்டியைப் பார்த்துக் கேலியும் செய்கிறார். தப்பை ஒப்புக்கொண்டவனோடு வியாபாரம் செய்யலாம் என்பது உன் அப்பாவின் கணக்கு. அதை நீ பார்த்து வளர்ந்தாய்.

ஆனால் என்னிடமிருந்தும் ஒன்றைப் பார்த்து வளர்ந்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவதில் உனக்குப் பூகோளத்தில் இந்தியா வரைபடம் வரையச் சொன்னார்கள். உன் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்ததை வாங்கி வந்து உன் பெயரை எழுதினாய். எனக்குத் தெரிந்தது. கடற்கரைக் கோடு உன் கை இல்லை. நான் என்ன செய்தேன்? இலங்கை கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று அழித்துச் சரி செய்து கொடுத்தேன். சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, யார் வரைந்தது என்று கேட்கவில்லை. உனக்கு நட்சத்திரம் போட்டார்கள். அந்தப் பையனுக்கு வரைபடமே கொடுக்கவில்லை என்று அடி விழுந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து நீ பொய்யைக் கொண்டு வந்தாய், நான் அதன் இலக்கணத்தைச் சரி செய்து கொடுத்தேன். அடி டேனியலுக்கு விழுந்திருக்கிறது. கண்டிப்பான அம்மா என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் கண்டித்த லட்சணம் இது. என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை உன் மேல் இருப்பதோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன், குறைத்துக்கொண்டு அல்ல.

இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, உன் கையெழுத்துப் போட்ட புரூஃபின் நகல். அசல் எஸ்தரிடம் இருக்கிறது, அவளிடமே இருக்கட்டும். இரண்டாவது, மும்பைக்கு உன் பெயரில் ஆங்கிலத்தில் நான் எழுதிய கடிதம். இதில் அரைப்புள்ளி எதுவும் இல்லை. அச்சகத்தார் எச்சரித்தார். நான் கேட்கவில்லை. முன்பு எழுதியது பொய். படம் அழைப்பிதழிலும் வந்திருக்கிறது, எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுகிறேன், நீங்கள் சொல்லும் பரிகாரத்தைச் செய்கிறேன். அவ்வளவுதான். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வியாபாரிகள் கூட்டம். எந்த இடத்தில் நின்று டேனியலைச் சொன்னாயோ அதே இடத்தில் நின்று, அவர் சொல்லியும் நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். டேனியலும் எஸ்தரும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும். விழா அதற்கு இரண்டு நாள் கழித்துத்தானே, நேரம் இருக்கிறது.

பெட்டிக்குப் படம் இல்லாமல் போய்விடுமே என்று கவலைப்படாதே. பெயரை மட்டும் போட்டால் போதும். பட்டு நன்றாக இருந்தால் பெட்டியை யார் பார்க்கிறார்கள்? படம்தான் வேண்டும் என்றால், போன வருடமே டேனியல் சொன்னாராம், உங்க தறிப் பொடவையவே ஒரு பொண்ணுக்குக் கட்டி நல்லா போட்டோ எடுத்துக்கலாம் சார், அவங்ககிட்ட எழுதியும் வாங்கிக்கலாம் என்று. நம் வீட்டில் புடவைக்கா பஞ்சம்? கட்டிக்கொள்ளப் பெண்களுக்கா பஞ்சம்? பட்டு விற்கிறவன் பட்டுக் கட்டிய பெண்ணுக்காகக் கம்ப்யூட்டர் சிடியில் தேடினான் என்று கோதண்டம் இன்னும் பத்து வருடம் சொல்லிச் சிரிப்பார். அதை நீ பட்டுத்தான் ஆக வேண்டும்.

புடவை இஸ்திரி போட்டது போட்டபடி இருக்கிறது. எனக்கு வர ஆசை. ஒன்பது வருடம் கழித்து முன் வரிசையில் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், அதனால்தான் நான் வராமல் இருக்க மாட்டேன் என்று நினைப்பாய். நினைக்காதே. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும், கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலோடு டேனியல் என் வீட்டுக்கு வரட்டும். அவர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து விளக்கேற்றுவேன். வராவிட்டால் தீப்பெட்டியை உன் அத்தையிடம் கொடு. முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறவள் இல்லை அவள்.

அம்மா